ரேங்க் போட்டா ரசிக்க முடியுமா? – கடிதம்

வணக்கம் சார்,

எனக்கு கோயம்புத்தூர். காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கற பொண்ணு இருக்கா. போன வாரம் ராத்திரி சாப்பிடக்கூட வராம போன்ல யார்கிட்டயோ சண்டை போட்டுட்டு இருந்தா. என்னம்மான்னு கேட்டா, அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்டோட 'ரெட்' ஆல்பத்துல இருக்கற 16 பாட்டுக்கும் அவங்க க்ரூப்ல ஆளாளுக்கு ரேங்க் போட்டாங்களாம், அதுல ஒரு ஃப்ரெண்டு 'ஆல் டூ வெல்' பாட்டை மூணாவதா வெச்சுட்டாளாம், அதுக்குத்தான் இவ்ளோ ரகளை. நாங்களும் ராஜா பாட்டு கேட்டு வளந்தவங்கதான் சார். கேட்டோம், பிடிச்சுது, திரும்பக் கேட்டோம், அவ்ளோதான். இப்படி பரீட்சை பேப்பர் திருத்தற மாதிரி உக்காந்து மார்க் போட்டா பாட்டை எங்க ரசிக்கறது? இதுல அஞ்சாவது பாட்டுன்னா ஏதோ விசேஷம்னு வேற சொல்றா, அது சுத்தமா புரியல. முடிஞ்சா உங்க ரேங்க்கையும் சொல்லுங்க, அவகிட்ட காட்டறேன்.

(பெயர் வேண்டாம்)

வணக்கங்க,

ராஜா பாட்டுக்கு நாம ரேங்க்கே போடலைங்கறீங்களே, அது கொஞ்சம் ஓவருங்க. கேசட் கடையில பேப்பர்ல பாட்டு லிஸ்ட் எழுதிக் குடுத்து பதிஞ்சு வாங்குனோமே, அறுபது நிமிஷ கேசட்ல எது ஏ சைடு முதல் பாட்டு, எது பி சைடு கடைசி, இடம் பத்தலைன்னா எதைத் தூக்கறதுன்னு கடை வாசல்ல நின்னு மண்டைய உடைச்சுக்கிட்டதுக்கு என்ன பேருங்க? நம்பர் போடல, அவ்ளோதான் வித்தியாசம். ராஜாவா ரஹ்மானான்னு டீக்கடையில நடந்த சண்டையெல்லாம் நான் எடுக்கவே இல்ல.

சரி, உங்க பொண்ணு விஷயத்துக்கு வரேன். சண்டை 'ரெட்' மேல வந்ததுல எனக்கு ஆச்சரியமே இல்ல, டெய்லர் ஆல்பத்துலயே ரேங்க் போட ரொம்ப கஷ்டமான ஆல்பம் அதுதான். 2012 அக்டோபர்ல வந்துச்சு, அப்போ டெய்லர் நாஷ்வில் கன்ட்ரி (அமெரிக்க கிராமிய ஸ்டைல்) பாட்டுக்காரி, ஆனா பாப் பக்கம் ஒரு கால எடுத்து வெச்சாச்சு. அதனால ஆல்பத்துல பழைய தயாரிப்பாளர் நேத்தன் சாப்மேன் பண்ணது ஒரு பக்கம், ஸ்வீடன்காரங்க மேக்ஸ் மார்ட்டினும் ஷெல்பேக்கும் சேந்து பண்ண மூணு பாப் பாட்டு ஒரு பக்கம், நடுவுல எட் ஷீரனோட ஒரு டூயட், ஸ்னோ பேட்ரோல் பேண்ட் பாடகர் கேரி லைட்பாடியோட இன்னொண்ணு, டப்ஸ்டெப் மாதிரி இடி இறங்கற 'ஐ நியூ யூ வேர் ட்ரபிள்' முடிஞ்ச உடனே கிட்டாரும் டிரம்ஸுமா மெதுவா ஏற்ற 'ஆல் டூ வெல்', அது அழ வெச்சு முடிக்கறதுக்குள்ள '22' வந்து ஆடச் சொல்லும். இந்த ஆல்பத்துக்கு ரேங்க் போடறவங்க எல்லாருமே, தெரிஞ்சோ தெரியாமலோ, இந்தப் பொண்ணு கன்ட்ரியிலயே இருந்திருக்கலாமா பாப்புக்குப் போனது சரியாங்கற கேள்விக்கு ஓட்டுப் போடறாங்க. மேக்ஸ் மார்ட்டின் பாட்டு மூணும் மேல இருந்தா ஒரு கட்சி, மூணும் பத்துக்குக் கீழ போனா இன்னொரு கட்சி. இது ரசனைதானே, பேப்பர் திருத்தறதுன்னு எப்படிச் சொல்வீங்க?

இதுக்கு ஒரு பின்கதை இருக்கு, அது தெரிஞ்சாதான் உங்க பொண்ணுக்கு ஏன் அவ்ளோ கோவம் வந்துச்சுன்னு புரியும்.

ஆல்பம்னு ஒண்ணு வந்தா அதுல எது சிங்கிள் (தனிப்பாட்டா வெளிய விடறது), எது ரேடியோவுக்குப் போகணும், எதுக்கு வீடியோ எடுக்கணும்னு பாடகரும் கம்பெனியும் முடிவு பண்ணுவாங்க. அதுவும் ஒரு ரேங்க்தான், முதல் ரேங்க்கே அதுதான், காசு போட்டவங்க போட்ட ரேங்க். 'ரெட்'ல இருந்து ஏழு பாட்டு சிங்கிளா வந்துச்சு. 'ஆல் டூ வெல்' அதுல இல்ல! வீடியோ கிடையாது, ஒண்ணும் கிடையாது, ஆல்பம் வந்த சமயத்துல பில்போர்ட் ஹாட் 100ங்கற அமெரிக்க ஹிட் பாட்டு லிஸ்ட்ல 80-வது இடம் வரைக்கும் எட்டிப் பாத்துட்டு காணாமப் போச்சு. ஆனா ரசிகர்கள் போட்ட லிஸ்ட் ஒவ்வொண்ணுலயும் அதான் முதல்ல வந்துட்டு இருந்துச்சு, வருஷா வருஷம், விடவே இல்ல. 2014 கிராமி மேடையில பியானோ முன்னாடி உக்காந்து டெய்லர் பாடினது சிங்கிளா வராத இந்தப் பாட்டைத்தான் (அன்னிக்கு சிறந்த ஆல்பம் விருது டாஃப்ட் பங்க்குங்கற குழுவுக்குப் போயிருச்சு, அந்த வயித்தெரிச்சல் வேற ஸ்விஃப்டிகளுக்கு, அதான் டெய்லர் ரசிகர்களுக்கு, இன்னும் இருக்கு). ரோலிங் ஸ்டோன் பத்திரிகைல ராப் ஷெஃபீல்டுன்னு ஒரு விமர்சகர் டெய்லரோட அத்தனை பாட்டுக்கும் ரேங்க் போட்டு, புதுசு வர வர லிஸ்ட்டை நீட்டிக்கிட்டே போறார், அவரும் இதைத்தான் முதல்ல வெச்சிருக்கார்.

அப்புறம் நடந்ததுதான் கதை. இந்தப் பாட்டு பிறந்தது ஒரு டூர் ரிகர்சல்ல. மனசு சரியில்லாம கிட்டாரை எடுத்து நாலு கார்டு வாசிச்சுக்கிட்டே வாய்க்கு வந்ததைப் பாடினதுதான், அங்க இருந்த சவுண்ட் ஆளு ரெக்கார்ட் பண்ணி வெச்சதால தப்பிச்சுது. ரொம்ப நீளமா இருந்ததை லிஸ் ரோஸ்ங்கற கூட்டுப் பாடலாசிரியரைக் கூப்பிட்டு வெட்டி அஞ்சரை நிமிஷத்துக்குக் கொண்டு வந்தாங்க. ரசிகர்களுக்கு இது தெரிஞ்சுபோச்சு, அந்த வெட்டாத பாட்டைக் குடுன்னு வருஷக்கணக்கா நச்சரிச்சாங்க. 2021 நவம்பர்ல 'ரெட்'டைத் திரும்பப் பாடி வெளியிட்டப்போ பத்து நிமிஷ வெர்ஷனையும் சேத்துப் போட்டாங்க, அது நேரா ஹாட் 100-ல முதல் இடம். அந்த லிஸ்ட்ல முதல் இடம் வந்த பாட்டுங்கள்லயே நீளமானது இதுதான், 1972-ல டான் மெக்லீனோட 'அமெரிக்கன் பை' வெச்ச ரெக்கார்டு உடைஞ்சுது. எண்பதாவது இடத்துலயே நின்னு போன பாட்டுங்க இது, கம்பெனி போட்ட ரேங்க்கை ஒன்பது வருஷம் கழிச்சு ரசிகர்கள் தலைகீழா மாத்துனாங்க. இதெல்லாம் மனசுல இருக்கற ஒருத்திகிட்ட போய் 'மூணாவது'ன்னா சும்மா விடுவாளா!

இது ஏதோ ஒரு தடவை நடந்த அதிசயம்னு நினைச்சா, அதுவும் இல்ல. 2019-ல 'லவ்வர்' ஆல்பம் வந்தப்ப முதல் சிங்கிளா விட்டது 'மீ!'ன்னு ஒரு பாட்டு, அதை ஸ்விஃப்டிகளே பாதிப் பேர் கேக்க முடியலைன்னாங்க, நடுவுல ஸ்பெல்லிங் சொல்லிக் குடுக்கற மாதிரி ஒரு வரி வரும், ஆல்பம் வந்தப்போ பாத்தா அந்த வரியையே தூக்கிட்டாங்க. அதே ஆல்பத்துல ரெண்டாவது பாட்டு 'க்ரூயல் சம்மர்', கேட்ட முதல் நாளே ரசிகர்கள் இதுதாண்டா சிங்கிள்னு கத்துனாங்க, கம்பெனி அப்போ எடுத்துக்கல. சிங்கிளா விடத்தான் இருந்தோம், கொரோனா வந்து கெடுத்துருச்சுன்னு டெய்லரே பின்னாடி சொன்னாங்க. 2023-ல ஈராஸ் டூர் ஆரம்பிச்சப்போ ரெண்டாவது பாட்டா அதை வெச்சாங்க, ஸ்டேடியமே சேந்து பாடுச்சு, அந்த ஜூன்ல சிங்கிளா விட்டாங்க, அக்டோபர்ல முதல் இடம். ஆல்பம் வந்து நாலு வருஷம் கழிச்சு!

அதனால உங்க கேள்விக்கு என் பதில், ரேங்க் போட்டா தாராளமா ரசிக்கலாம், சொல்லப்போனா பாதிப் பேரு ஆல்பத்தோட பின்பாதிய ஒழுங்கா கேக்கறதே ரேங்க் போடணுமேன்னுதான். பன்னெண்டாவது பாட்டு 'சாட் பியூட்டிஃபுல் ட்ராஜிக்'க பதிமூணாவது பாட்டு 'தி லக்கி ஒன்'க்கு மேல வெக்கறதா கீழ வெக்கறதான்னு ஒருத்தன் முடிவு பண்ணணும்னா ரெண்டையும் திரும்பத் திரும்பக் கேட்டே ஆகணும்ல.

ஆனா போடற விதத்துல கோளாறு இருக்கு, அதை உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க. இப்பல்லாம் ஸார்ட்டர்னு ஒண்ணு வெச்சுக்கறாங்க, ரெண்டு பாட்டைக் காட்டி எதுன்னு கேக்கும், ஒண்ணை அமுக்கணும், பதினாறு பாட்டுக்கு நாப்பது தடவைக்கு மேல அமுக்குனா லிஸ்ட் வந்து நிக்கும். பாக்க சயின்ஸ் மாதிரி இருக்கும். நமக்கு 'ட்ரெச்சரஸ்' 'ரெட்'ட விட பிடிக்கும், 'ரெட்' 'பிகின் அகெய்ன்'ன விட பிடிக்கும், ஆனா மழை பெய்யற சாயங்காலம் கேட்டா 'பிகின் அகெய்ன்'தான் 'ட்ரெச்சரஸ்'ஸ விட பிடிக்கும். மனசு வட்டமா சுத்தும், அந்த மெஷினுக்கு வட்டம் தெரியாது, முதல் ரெண்டு பதில வெச்சு மூணாவதை அதுவே முடிவு பண்ணிட்டுப் போயிரும். இன்னொரு முறை, தினம் ஓட்டுப் போட்டு ஒரு பாட்டை வெளிய அனுப்பறது. இது இன்னும் மோசம், பத்து பேரு உயிரக் குடுப்பான் பத்து பேரு காதைப் பொத்துவான்ங்கற மாதிரி பாட்டு சீக்கிரம் வெளிய போயிரும், யாருக்கும் பெருசா கோவமும் இல்ல ஆசையும் இல்லைங்கற பாட்டு கமுக்கமா டாப் அஞ்சுல வந்து உக்காந்துக்கும். கையால எழுதி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி காரணம் சொல்லி சண்டை போடறதுதான் உருப்படியான முறை. ஸ்ட்ரீமிங் நம்பரைக் கொண்டாந்து ஆதாரமா நீட்டுனா அந்தாளை க்ரூப்ப விட்டுத் தூக்கிருங்க, 'க்ரூயல் சம்மர்' 2019-ல வந்த வாரம் 29-வது இடம், அந்த நம்பரை நம்பியிருந்தா என்ன ஆயிருக்கும்?

அஞ்சாவது பாட்டு சமாச்சாரம். முதல் ஆல்பத்துல 'கோல்ட் அஸ் யூ', அடுத்து 'வைட் ஹார்ஸ்', அதுக்கடுத்து 'டியர் ஜான்', அப்புறம் 'ஆல் டூ வெல்'னு வரிசையா அஞ்சாவது இடத்துல வந்ததெல்லாம் மனசு உடைஞ்ச பாட்டா இருந்துச்சு. இதைக் கண்டுபிடிச்சது ரசிகர்கள்தான், டெய்லருக்கே அது தெரியாது, தெரியாமத்தான் வெச்சுட்டு வந்தேன்னு 2019 ஜூலைல ஒரு லைவ்ல சொல்லிட்டு, 'லவ்வர்'ல அஞ்சாவது பாட்டு 'தி ஆர்ச்சர்'னு அறிவிச்சாங்க. அங்கதான் எனக்கு சங்கடம். அது வரைக்கும் அந்த விதி மீறவும் செய்யும், '1989' ஆல்பத்துல அஞ்சாவதா வர்றது துள்ளிக் குதிக்கற ஒரு பாட்டு, அதையும் சோகம்னு நிரூபிக்க ஸ்விஃப்டிகள் பட்ட பாடு இருக்கே, அதுல ஒரு சுகம் இருந்துச்சு. 2019-க்கு அப்புறம் அது விதி இல்ல, ஏற்பாடு. பின்னாடி வந்த ஆல்பங்கள்ல அஞ்சாவதா வந்த 'மை டியர்ஸ் ரிகோஷே', 'டாலரேட் இட்', 'ஸோ லாங், லண்டன்' எல்லாமே நல்ல பாட்டுங்க, 'டாலரேட் இட்' எங்க வெச்சாலும் கொல்லும். ஆனா கேக்கறவன் அஞ்சாவது வருதுன்னா கர்ச்சீப்ப எடுத்து வெச்சுக்கிட்டு தயாரா உக்காந்திருக்கான், தானா போய் மாட்டிக்கறது வேற, இப்படி டிக்கெட் வாங்கி அழறது வேற. ரசிகர்கள் போட்ட ரேங்க் கம்பெனிக்கு எதிரா இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு ஜீவன் இருந்துச்சு, அதையே பாடகர் எடுத்துத் திருப்பிக் குடுக்க ஆரம்பிச்சா நமக்குன்னு என்ன மிச்சம்?

பத்து நிமிஷ வெர்ஷன் மேலயும் எனக்கு இதே குறைதான், திட்டறவங்க திட்டிக்கோங்க. இருபத்தோராவது பிறந்தநாள்ல அப்பா பொண்ணோட முகத்தப் பாக்கற இடம் ஒண்ணு அதுல வரும், அது பிரமாதம், அது ஒண்ணுக்காகவே கேக்கலாம். ஆனா அஞ்சரை நிமிஷப் பாட்டு மூணரை நிமிஷம் வாக்குல வெடிக்கும், வெடிச்சு அடங்கி, ஆரம்பத்துல விட்டுட்டு வந்ததா பாடற அந்த ஸ்கார்ஃப் கடைசிச் சரணத்துல திரும்ப வரும், அந்த ஏத்தமும் இறக்கமும் நீளமான பாட்டுல கரைஞ்சு போயிருச்சு. லிஸ் ரோஸ் வெட்டுனதுல எதையும் கெடுக்கலைங்கறதுதான் என் கட்சி. கேட்டது கிடைச்சுருச்சேங்கற சந்தோஷத்துல யாரும் அதைச் சொல்ல மாட்டேங்கறாங்க.

என் ரேங்க் கேட்டிருக்கீங்க. பதினாறும் போட மாட்டேன், சண்டை வர்ற இடத்தை மட்டும் சொல்றேன். முதல் இடம் 'ஆல் டூ வெல்', சின்ன வெர்ஷன். ரெண்டாவது 'ஹோலி கிரவுண்ட்', ஜெஃப் பாஸ்கர் தயாரிச்சது, முடிஞ்சு போன காதலை ஒரு பொட்டு வருத்தமில்லாம ஓடிக்கிட்டே நினைச்சுப் பாக்கற மாதிரி அந்த டிரம்ஸ், டெய்லர் பாட்டுல இந்த மனநிலை ரொம்ப அபூர்வம். மூணாவது 'ட்ரெச்சரஸ்'. எல்லாரும் கடைசில தள்ளற 'ஸ்டே ஸ்டே ஸ்டே' எனக்கு ஒன்பது, சண்டை போட்ட மறுநாள் காதலன் ஃபுட்பால் ஹெல்மெட்ட மாட்டிக்கிட்டு பேசலாம் வான்னு வந்து நிப்பான், அந்தக் காட்சிக்கு நான் அஞ்சு இடம் மேல குடுப்பேன், பாட்டு முடிவுல அந்தப் பொண்ணு சிரிக்கற சிரிப்புக்கு இன்னும் ஒண்ணு. பதினாறாவது 'ஸ்டார்லைட்'. ராபர்ட் கென்னடியும் ஈத்தலும் சின்ன வயசுல ஒரு டான்ஸ்ல இருக்கற போட்டோவப் பாத்து எழுதினதுன்னு டெய்லர் சொல்லியிருக்காங்க, கதை நல்லாத்தான் இருக்கு, ஆனா பாட்டுல அந்தக் காலமும் இல்ல, அந்த ரெண்டு பேரும் இல்ல, வெறும் மினுமினுப்பு.

'22' எனக்குப் பதினொண்ணு, உங்க பொண்ணு கண்டிப்பா சண்டைக்கு வருவா. ஆனா கார்ல அது வந்தா நான் ஸ்கிப் பண்ணதே இல்லைங்க, ரெண்டாவது இடத்துல இருக்கற 'ஹோலி கிரவுண்ட்'டக்கூட பண்ணியிருக்கேன்.