பெட்டியடிப் பையனிடம் யாரும் ஃபீஸ் வாங்கவில்லை, ஆச்சி

ஆச்சி, போன வாரம் நீங்களும் அண்ணனும் மகளின் கோடை விடுமுறை இன்டர்ன்ஷிப் பற்றிக் கேட்க, அவளையும் கூட்டிக்கொண்டு தேவகோட்டையிலிருந்து வந்தபோது, "பார்த்துக்கலாம், கவலைப்படாதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்புறம் யோசித்தால் அது தப்பு என்று பட்டது. அதனால் எழுதுகிறேன்.

சென்னையில் இருக்கும் அம்மான் பார்த்து வைத்திருக்கிற இன்டர்ன்ஷிப் வேண்டாம். 18,000 ரூபாய் கட்டி, இரண்டு மாதம் ஹாஸ்டலுக்கும் அழுது, செயற்கை நுண்ணறிவு என்று பெயர் போட்ட வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு சர்டிபிகேட்டோடு திரும்பி வருவதற்குப் பெயர் டியூஷன். அந்தக் காலத்தில் செட்டியார் வட்டிக்கடைகளில் தொழில் பழக பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கப்பல் ஏறிய பெட்டியடிப் பையன்கள் கடையிலேயே தங்கிக் கணக்கெழுதப் பழகி, அடுத்தாளாகி, கடையையே நடத்தும் மேலாள் ஆனார்கள். கடைதான் அவர்களுக்குச் சோறு போட்டது, வீட்டிலிருந்து யாரும் ஃபீஸ் கட்டவில்லை. இதை உங்கள் வீட்டுக்கு நான் சொல்லித் தரவேண்டியிருப்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று. பி.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறவள் அன்றைக்கு முக்கால் மணி நேரமும் தலையைக் குனிந்துதான் உட்கார்ந்திருந்தாள். லேபில் சோதனைக் குழாயின் உள்பக்கம் வெள்ளி படிந்து கண்ணாடி மாதிரி மின்னியதைச் சொன்னபோது மட்டும் நிமிர்ந்தாள். அண்ணன் அந்த நேரம் வெளியே போய் போன் பேசிக்கொண்டிருந்தார்.

வெள்ளி படிவதில் ஆசைப்படுகிற பிள்ளைக்குக் காரைக்குடியிலேயே சிக்ரி இருக்கிறது, ஆச்சி. மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். நம் ஆட்களோ அதன் மதிலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. உள்ளே நடப்பது லித்தியம் பேட்டரி, எரிபொருள் கலம், மின்முலாம், சென்சார், துரு. கடற்காற்றில் இரும்பு எப்படி அரிக்கிறது என்று பார்க்கவே மண்டபத்தில் தனி நிலையம் வைத்திருக்கிறார்கள். தினம் டவுன் பஸ்ஸில் போய் வந்துவிடலாம், ராத்திரி வீட்டுச் சாப்பாடு.

ஆனால் சும்மா கேட்டால் கிடைக்காது. நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு விஞ்ஞானியும் எதில் வேலை செய்கிறார் என்று இருக்கும். அவள் உட்கார்ந்து படித்து, பிடித்த மூன்று பேரை மட்டும் எடுத்து, பயிற்சிக்கு இடம் கேட்டு மெயில் எழுதட்டும். ஒவ்வொருவருடைய ஒரு கட்டுரையின் சுருக்கத்தையாவது புரிகிற வரைக்கும் படிக்க வேண்டும், புரியாத இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அந்தச் சந்தேகமே மெயிலின் இரண்டாவது வரி. அப்புறம் கல்லூரியில் கைப்படச் செய்த சோதனைகள், தரம்பார்த்தல் (டைட்ரேஷன்), மின்கடத்தல் அளவீடு என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். மே, ஜூனில் எந்தத் தேதியிலிருந்து எத்தனை வாரம் வர முடியும் என்பதோடு முடிக்க வேண்டும். பத்து வரிக்கு மேல் போகக்கூடாது. மூன்று பேருக்கும் மூன்று தனி மெயில், பெயரை மட்டும் மாற்றி ஒட்டினால் அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஜனவரியிலேயே அனுப்ப வேண்டும், ஏப்ரலில் எல்லாரும் முட்டி மோதுவார்கள். பத்து நாள் பதில் இல்லையென்றால் பணிவாக ஒரு நினைவூட்டல். துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும், அந்தக் கல்லூரி மாணவிதான் என்கிற போனஃபைடு சான்றிதழும் இப்போதே வாங்கி வைக்கட்டும். பயிற்சிக் கட்டணம் என்று ஏதாவது கேட்டால் நிறுவனத்தின் அறிவிப்பில் இருக்கிறதா பாருங்கள், ரசீதோடு கட்டுங்கள். இடையில் யாராவது "நான் வாங்கித் தருகிறேன்" என்று வந்தால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

சிக்ரியில் அமையவில்லையா, அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழிலக வேதியியல் துறை இருக்கிறது, அங்கும் இதே மாதிரி எழுதலாம்.

அம்மான் கோபித்துக்கொள்வார், நவராத்திரிக்கு வரும்போது பேச்சும் வரும். வரட்டும். சிக்ரியில் இரண்டு மாதம் குடுவை கழுவிவிட்டு வந்தாலும் அது லேபில் நின்ற அனுபவம், எம்.எஸ்சி. நேர்முகத்தில் அதைப் பற்றிக் கேட்டால் அவளால் பதில் சொல்ல முடியும். வீடியோ பார்த்ததைப் பற்றி என்ன சொல்வாள்?

முதல் மெயிலை அவளே எழுதட்டும், அண்ணன் திருத்த வேண்டாம். தப்பும் தவறுமாக இருந்தாலும் பரவாயில்லை, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்.