உபுண்டு மாற்றியதும் ஃபோர்ட்ரான் மொடல் பிழையான விடை தருகிறது: கொம்பைலரில் பிழையா, கோடில் பிழையா?

கேள்வியின் சாரம்: களனி கங்கை வெள்ள மொடல், சுமார் 60 மொடியூல். கொழும்பிலுள்ள லாப் கணினியை உபுண்டு 22.04 இலிருந்து 24.04 க்கு மாற்றியதும் கோடை வேகப்படுத்தும் '-ஓ2' தெரிவில் நேன் (எண் அல்லாத மதிப்பு) வருகிறது, வேகப்படுத்தாத '-ஓ0' இல் விடை சரி.

அந்த மாற்றத்தோடு உங்கள் ஜிஃபோர்ட்ரான் கொம்பைலர் 11 இலிருந்து 13 க்குத் தாவியிருக்கிறது. இடையில் 2022 இல் வந்த ஜிசிசி 12 (ஜிஃபோர்ட்ரான் அடங்கிய கொம்பைலர் தொகுப்பு), லூப்களை வெக்டராக்கும் (பல மதிப்புகளை ஒரே கட்டளையில் கணிக்கவைக்கும்) வேலையை '-ஓ2' க்குள்ளும் கொண்டுவந்தது. முன்பு அது '-ஓ3' இல்தான் தானாக நடந்தது. பிழை ஏன் இப்போது தலைகாட்டியது என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். யாருடைய பிழை என்பதை இது சொல்லாது. '-ஓ0' இல் சரியாக ஓடுவதும் கோட் சுத்தம் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

முதலில் கொம்பைலர் உருவாக்கிய எல்லா '.ஓ' (கொம்பைல் ஆன கோட்), '.மொட்' (மொடியூல் விவரம்) கோப்புகளையும் அழித்துவிட்டு முழுதாக பில்ட் செய்யுங்கள். மொடியூல் கோடில் இதுதான் பெரிய பொறி. ஒரு டிரைவ்ட் டைப்பில் (பல உறுப்புகளைச் சேர்த்து நீங்களே வரையறுத்த வகை) புதிய உறுப்பு சேர்த்து, மேக்ஃபைலில் (பில்ட் விதிகளுள்ள கோப்பு) சார்புநிலை எழுதாமல் விட்டால், அதைப் பயன்படுத்தும் மற்ற மொடியூல் பழைய அமைப்பையே நம்பி நினைவகத்தில் தவறான இடத்தைப் படிக்கும். பார்க்க அச்சு அசல் கொம்பைலர் பிழை போலவே இருக்கும். '-ஐ' பாதைகளில் (கொம்பைலர் '.மொட்' தேடும் டிரெக்டரிகள்) ஒரே பெயரில் இரண்டு '.மொட்' இருக்கிறதா என்றும் பாருங்கள். வெர்ஷன் மாறினால் கொம்பைலரே மறுத்துவிடும் என்று நம்பவேண்டாம். எல்லா வெர்ஷன் மாற்றத்திலும் அது மறுக்காது.

அடுத்து '-ஜி -வால் -எஃப்செக்=ஆல் -எஃப்பேக்ட்ரேஸ் -எஃப்எஃப்பிஈ-ட்ராப்=இன்வாலிட்,ஸீரோ,ஓவர்ஃப்ளோ -எஃப்இனிட்-ரியல்=எஸ்நேன்' போட்டு ஓட்டுங்கள். அரே எல்லை மீறல், பிழையான கணக்கு, ஆரம்ப மதிப்பில்லாத மாறி (அதில் எஸ்நேன் என்ற பொறி மதிப்பு நிரப்பப்படும்) போன்றவற்றை இவை பிடிக்கும். எஸ்நேன் நிரப்பல் அலொக்கேட்டபிள் (ஓடும்போது இடம் ஒதுக்கப்படும்) அரேகளுக்கு வேலை செய்யாது. அவற்றுக்கு வால்கிரைண்ட் என்ற நினைவகப் பிழை தேடும் கருவி வேண்டும். அது பல மடங்கு மெதுவாக ஓடும் என்பதால் ஹங்வெல்லயிலிருந்து நாகலகம் வீதி வரையான முழு ஆற்றையும் கொடுக்காமல், 50 கட்டமுள்ள ஒரு நேர் வாய்க்காலைக் கொடுங்கள்.

இந்தச் சோதனைகள் பெரும்பாலும் தவறவிடும் ஒன்று உண்டு: ஒரே அரேயை ஒரு சப்ரூட்டினுக்கு உள்ளீடாகவும் வெளியீடாகவும் அனுப்புவது. இரண்டும் வேறு இடங்கள் என்று எண்ணிக்கொள்ள ஃபோர்ட்ரான் தரநிலை கொம்பைலருக்கு உரிமை தருகிறது. ஒவ்வொரு மதிப்பாகப் போகும்போது தற்செயலாகச் சரியாக வந்தது, வெக்டரானதும் உடையும். இன்டென்ட் (உள்ளீடா வெளியீடா என்ற அறிவிப்பு) சரியாக எழுதப்பட்டு, சப்ரூட்டினும் மொடியூலுக்குள் இருந்தால் '-வால்' எச்சரிக்கும். ஆகவே இன்டென்ட் எழுதாத இடங்களை இப்போதே எழுதிவிடுங்கள்.

இவ்வளவும் சுத்தமென்றால்தான் கொம்பைலரைச் சந்தேகிக்கலாம். '-எஃப்எல்டிஓ' (லிங்க் செய்யும்போது எல்லாக் கோப்புகளையும் சேர்த்து வேகப்படுத்தும் தெரிவு) இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு கோப்பின் கோட் இன்னொன்றுக்குள் இன்லைன் ஆகி (நேரே செருகப்பட்டு), தேடல் குழம்பும். எல்லாக் கோப்புகளையும் '-ஓ0', '-ஓ2' என இரண்டு டிரெக்டரிகளில் கொம்பைல் செய்யுங்கள். பிறகு பாதி '.ஓ' இங்கிருந்தும் பாதி அங்கிருந்தும் எடுத்து லிங்க் செய்து ஓட்டுங்கள். ஒரே வெர்ஷன், ஒரே மூலக்கோடு என்றால் இந்தக் கலப்பு பாதுகாப்பானது. பிழை வரும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 60 மொடியூல் ஆறு சுற்றில் ஒன்றாகிவிடும். எந்தப் பாதியிலும் தனியாக வராவிட்டால், இரண்டு கோப்புகள் சேர்ந்துதான் பிழை தருகின்றன; அப்போது ஒவ்வொன்றாக '-ஓ0' க்கு மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் இன்டர்ஃபேஸ் பொருந்தாத ஓர் அழைப்பு அகப்படும்.

அந்த ஒரு கோப்பை மட்டும் '-ஓ2 -எஃப்நோ-ட்ரீ-வெக்டரைஸ்', பிறகு '-ஓ2 -எஃப்நோ-ஃபிரன்ட்எண்ட்-ஒப்டிமைஸ்' என்று கொம்பைல் செய்யுங்கள். முதலாவது வெக்டராக்கலையும், இரண்டாவது கொம்பைலரின் ஃபோர்ட்ரான் பகுதி செய்யும் மாற்றங்களையும் நிறுத்தும். எதில் பிழை மறைகிறதோ, அந்தக் கட்டத்தில்தான் அது வெளிப்படுகிறது. கடைசி இலக்கங்கள் மட்டும் மாறினால், அதுவும் '-மார்ச்=நேட்டிவ்' (உங்கள் சிபியுவுக்கென்றே கொம்பைல் செய்யும் தெரிவு) போட்டிருந்தால், பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக்கியதன் விளைவாக இருக்கலாம்; '-எஃப்எஃப்பி-கொன்ட்ராக்ட்=ஆஃப்' போட்டுச் சரிபாருங்கள். அதைப் பிழையென்று அறிவிக்க வேண்டாம்.

இனி, பிழை காட்டும் கோடைச் சுருக்கல். நெட்சிடிஎஃப் (தரவுக் கோப்பு) வாசிப்பை எடுத்துவிட்டு, மதிப்புகளை நேரடியாக எழுதி, மொடியூலும் மெயின் புரோகிராமும் ஒரே கோப்பில் இருக்க, விடை பிழையானால் 'ஸ்டொப் 1' ஆகும்படி செய்யுங்கள். மீதியை, கோடைத் தானாகச் சுருக்கும் சிவைஸ் கருவி '--நொட்-சி' (சி அல்லாத மொழி) தெரிவோடு வெட்டித்தரும். அதற்குக் கொடுக்கும் ஸ்கிரிப்டில் '-ஓ0' சரி, '-ஓ2' பிழை என்ற இரண்டு மட்டும் போதாது; '-வால் -எஃப்செக்=ஆல்' சுத்தம் என்பதும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி வெட்டி, ஆரம்ப மதிப்பில்லாத மாறி ஒன்றையே உங்கள் கையில் தரும்.

மிஞ்சிய சில வரிகளைக் கொம்பைலர் எக்ஸ்புளோரர் என்ற இணையத்தளத்தில் புதிய வெர்ஷன்களில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் பிழையென்றால் ஜிசிசி பக்ஸில்லாவில் (பிழைகளைப் பதியும் தளம்), 'ஜிஃபோர்ட்ரான் -வி' வெளியீடு, முழுக் கட்டளை, எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகியவற்றோடு பதியுங்கள். திருத்தம் வரும்வரை மேக்ஃபைலில் அந்த ஒரு கோப்புக்கு மட்டும் பிழை மறையும் ஃபிளாக்கைப் போட்டு, பக்கத்தில் பக் எண்ணைக் கொமென்டாக எழுதிவையுங்கள். மொடல் முழுவதையும் '-ஓ0' க்கு இறக்கத் தேவையில்லை.