பழைய ஸ்போர்ட்ஸ் காரைக் குறைந்த செலவில் வண்ணம் பூசிப் புதுப்பிக்க முடியுமா?

இருபது வயதான ஸ்போர்ட்ஸ் கார், கையில் அறுபதாயிரம் ரூபாய். இதற்குள் நிறத்தையும் தோற்றத்தையும் மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். அந்தப் பணத்தில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரியாத வேலைக்குக் கொடுக்கச் சம்மதித்தால் முடியும். என் வண்டிக்கு இரண்டு முறை வண்ணம் பூசிய அனுபவத்தில் சொல்கிறேன்.

என்னுடையது சான் ஸ்டார்ம். கோவாவில் தயாரான இரண்டு இருக்கை வண்டி, துணிக் கூரை, 1149 சிசி ரெனோ எஞ்சின், உடல் முழுக்க ஃபைபர், அதாவது கண்ணாடி நார் கலந்த பிளாஸ்டிக். மாருதி 800 எஞ்சினை வைத்துப் பந்தய வீரர் கரிவரதன் ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய ஊர் கோவை. அங்கே ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சம் இருக்காது என்ற நம்பிக்கையில்தான் வாங்கினேன்.

முதல் முறை, நான்கு நாளில் முடித்துத் தருவதாகச் சொன்ன பட்டறையில் விட்டேன். பதினெட்டாயிரம் ரூபாய். பழைய பெயின்ட்டை மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அதன் மீதே அடித்திருக்கிறார்கள். ஐப்பசி மழை பிடித்ததும் கதவோரம் கொப்புளம் எழுந்தது. நகத்தால் சுரண்டியதும் வெங்காயத் தோல் போலக் கழன்றது. கண்ணாடி விளிம்பில் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) வைத்து மூடியிருந்த விரிசல்கள் மூன்றே மாதத்தில் அதே இடத்தில் வந்து நின்றன.

இரண்டாம் முறை செய்தவர், கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் பெயின்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்துச் சாளைக்கே, அதாவது தோட்ட வீட்டுக்கே வந்தார். முதல் பதினோரு நாள் ஸ்பிரே கன்னைத் தொடவே இல்லை. விரிசல் ஒவ்வொன்றையும் நல்ல ஃபைபர் தெரியும் வரை வாய்க்கால் போலக் குடைந்து, கண்ணாடி நார் விரிப்பும் ரெசினும் வைத்து அடைத்தார். ஃபைபரில் விரிசலைக் குடையாமல் மேலே பட்டி வைத்தால் அது திரும்பி வந்தே தீரும். பழைய பெயின்ட்டை உரிக்க ரிமூவர் வாங்கிவரட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம் கண்ணு, அது ஃபைபரையும் சேர்த்துத் தின்றுவிடும்" என்றார். கையாலேயே தேய்த்தார். பட்டிக்கு 80ஆம் எண், பிறகு 180, பிரைமருக்கு (நிறத்துக்கு அடியில் அடிக்கும் பூச்சு) 320, 400 என்று, எண் கூடக் கூட நைசாகும் உப்புத்தாள் போய்க்கொண்டே இருந்தது. பிரைமர் காய்ந்ததும் கறுப்பு பெயின்ட்டைப் பனி போல மெலிதாகத் தூவித் தேய்த்தார். பள்ளம் உள்ள இடத்தில் மட்டும் கறுப்பு மிஞ்சி நிற்கும்; அங்கே மறுபடி பட்டி. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, உள்ளங்கைக்கும் பானட்டுக்கும் நடுவில் பருத்தித் துணியை வைத்துத் தடவிப் பார்ப்பார். நான் பார்த்தும் காணாத மேடுகளை அந்தக் கை கண்டுபிடித்தது.

உங்கள் வண்டி தகரம் என்றால் முதலில் துருவைத் தேடுங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் ஓட்டைகள், ரப்பர் பீடிங்கின் அடிப்பகுதி, கால்மிதிக்குக் கீழே உள்ள தரை. சிறு காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுக்க ஓட்டுங்கள். ஒட்டாமல் நழுவும் இடத்தில் தடிமனாகப் பட்டி இருக்கிறது. துருப்பிடித்த தகட்டை வெட்டி வேறு தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். தேய்த்துப் பளபளவென்று ஆன தகட்டுக்கு அன்றே துருவைத் தடுக்கும் எபாக்சி பிரைமர் அடித்துவிடுங்கள், இரவு தாண்ட விடாதீர்கள்.

காலம் முக்கியம், எங்கள் பக்கத்தில் மிக முக்கியம். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, திறந்த கொட்டகையில் ஈர பெயின்ட் மேல் மண்ணை அப்பிவிட்டுப் போகும். பொள்ளாச்சியில் தேங்காய் நார்த் தூசி வேறு. ஐப்பசி, கார்த்திகையில் ஈரம். நாங்கள் மாசியில், பனி விலகிய பிறகு காலை ஒன்பதரை மணிக்குத் தொடங்கினோம். தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கினோம். கம்ப்ரசர் தொட்டியில் சேரும் தண்ணீரை முதலில் திறந்துவிட வேண்டும். அது பெயின்ட்டோடு கலந்து வந்தால் மீன் கண் போலக் குழிகள் விழும்.

பெயின்ட்டில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்ட் மலிவு, சீக்கிரம் உலரும். நம் வெயிலில் சீக்கிரம் மங்கவும் செய்யும். இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் நிலைக்கும். அதன் புகை நுரையீரலைக் கெடுக்கும். முகத்தில் கைக்குட்டை கட்டுவது போதாது, ரசாயன வடிகட்டி உள்ள முகமூடி கட்டாயம் வேண்டும். பெரியவர் நாற்பது ஆண்டு அது இல்லாமலே அடித்திருக்கிறார். அவர் இருமல் எனக்கு இன்னும் கேட்கிறது. முகமூடியை நான் வாங்கிக் கொடுத்தேன்.

மெட்டாலிக் நிறம் கேட்டால் மறுபரிசீலனை செய்யுங்கள். அதற்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு தனியாக வேண்டும். நாளைக்கு ஓரிடம் உரசினால் அந்த இடத்தை மட்டும் பொருத்தி அடிப்பதும் கடினம். கறுப்பு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். நான் பழைய சிவப்பையே வைத்துக்கொண்டேன்.

நிறத்தை மாற்றினால் ஆர்.சி. புத்தகத்திலும் மாற்ற வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து, காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவியுங்கள். கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை. பதினைந்து ஆண்டு தாண்டிய வண்டியைப் பதிவு புதுப்பிக்கக் கொண்டுபோகும்போது ஆய்வாளர் இதையும் பார்ப்பார். உடலின் அமைப்பை வெட்டி மாற்றுவது வேறு விஷயம், அதற்குச் சட்டம் இடம் தராது.

தோற்றத்துக்கு நான் செய்தது கொஞ்சம்தான். சக்கரங்களைக் கழற்றித் தேய்த்துச் சாம்பல் நிறம் அடித்தேன். டயர் அளவை மாற்றவில்லை. பானட்டில் இரண்டு வெள்ளைக் கோடுகளை வினைல் ஸ்டிக்கரில் ஒட்டினேன், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். இருக்கைக்குப் புது ரெக்சின் தைத்து, கிழிந்த கூரைத் துணியையும் மாற்றினேன். பின்பக்கம் பெரிய இறக்கை வைக்கச் சொன்ன நண்பர்களுக்கு மறுத்துவிட்டேன். அந்தச் சிறிய உடலுக்கு அது பாரம்.

2021இல் எனக்கான கணக்கு: ரெசினும் நார் விரிப்பும் 4,500; பட்டி, பிரைமர், உப்புத்தாள் 8,000; நிறமும் ஹார்டனரும் தின்னரும் 11,000; கூலி 22,000; இருக்கை, கூரை, சக்கரம், ஸ்டிக்கர் 9,000. மொத்தம் 54,500. நிறத்துக்குப் போனது ஐந்தில் ஒரு பங்கு. இன்றைக்கு விலை கூடியிருக்கும். அறுபதாயிரம் போதாமல் போனால் இருக்கையைத் தள்ளிப்போடுங்கள், தேய்க்கும் கூலியைக் குறைக்காதீர்கள்.

எந்த வண்டி என்று நீங்கள் எழுதவில்லை. எழுதுங்கள். முன்பக்கப் படத்தோடு கதவின் கீழ் விளிம்பையும் ஒரு படம் எடுத்துப் போட்டால், எங்கிருந்து தொடங்குவது என்று சொல்கிறேன்.