விருந்து மேசையை விற்கும் முன், ஒரு பிள்ளைக்கு என்ன செலவு என்று சொல்லுங்கள்

கேள்வி: நாங்கள் பதிவு பெற்ற ஒரு சிறிய சங்கம். வசதி குறைந்த இந்தியக் குடும்பப் பிள்ளைகள் 45 பேருக்குச் சனிக்கிழமை காலையில் துணைப்பாட வகுப்பு நடத்துகிறோம். ஆண்டுச் செலவு 27,000 சிங்கப்பூர் வெள்ளி. போன தீபாவளிக்கு முன்னால் ஹோட்டலில் நிதி திரட்டு விருந்து வைத்து, மேசைக்கு 1,000 வெள்ளி என்று 38 மேசை விற்றோம். விருந்துச் செலவு 21,500 போக 16,500தான் நின்றது. துண்டு விழுந்த 10,500 வெள்ளியைத் தலைவர் தம் கையிலிருந்து போட்டார். செயலவையில் 11 பேர், வேலை செய்வது மூன்று பேர். பொருளாளர் 9 ஆண்டுகளாக ஒருவரேதான். அடுத்த ஆண்டு கோடிங் வகுப்பு, முதியோருக்கு யோகா, தாய்மார்களுக்குத் தன்னம்பிக்கைப் பயிலரங்கு எல்லாம் தொடங்கினால் நன்கொடை கூடும் என்கிறார்கள். எனக்கு அலுத்துவிட்டது. செயலாளர் பொறுப்பை விட்டுவிடலாமா?
(வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: சகோதரி, பதவி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அந்த மூன்று புதுத் திட்டங்களையும் நிறுத்தி வையுங்கள். இருக்கிற வகுப்புக்கே 10,500 வெள்ளி குறைகிறபோது புதிதாக மூன்றைத் தொடங்கினால் தலைவர் போடும் தொகைதான் கூடும். நன்கொடை கொடுப்பவர் திட்டங்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கொடுப்பதில்லை. "நான் கொடுக்கிற காசு எங்கே போகிறது?" என்று கேட்கிறார், ஒரே மூச்சில் பதில் சொல்ல முடிகிற சங்கத்துக்குக் கொடுக்கிறார்.

இங்கே நம் ஆட்களிடம் போனால் முதலில் வரும் கேள்வி உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும்: "அதான் சிண்டாவுக்கு மாசா மாசம் பிடிக்கிறாங்களே, அப்புறம் உங்களுக்கு எதுக்கு?" நியாயமான கேள்வி. சிண்டா என்ற இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்குச் சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளியிலிருந்து 30 வெள்ளி வரை மத்திய சேம நிதியோடு (மசேநிதி) சேர்ந்து போகிறது, சிண்டாவும் ஸ்டெப் என்ற துணைப்பாட வகுப்புகளை மலிவான கட்டணத்தில் நடத்துகிறது. அப்படியிருக்க உங்கள் வகுப்பு எதற்கு? இதற்கு உங்கள் செயலவையில் 11 பேரும் ஒரே பதிலைச் சொல்வார்களா? சொல்ல மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். பெற்றோரிடம் கேளுங்கள். வகுப்பு அதே அடுக்குமாடி புளோக்கில் நடப்பதால் பிள்ளை தனியாக நடந்தே வந்துவிடும் என்று ஒரு தாய் சொல்லலாம், அவருக்குச் சனிக்கிழமையும் வேலை இருக்கும். தொடக்கநிலை நான்கில் இருந்தும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க வராத பிள்ளைக்கு ஆறு பேர் கொண்ட குழுவில்தான் வாய் திறக்கிறது என்று இன்னொருவர் சொல்லலாம். அவர்கள் சொல்வதுதான் உங்கள் பதில். அதை இரண்டு வரியில் எழுதி 11 பேருக்கும் கொடுங்கள். அதோடு வருகைப் பதிவேட்டை ஒழுங்காக வையுங்கள். ஜனவரியில் ஒரு முறையும் அக்டோபரில் ஒரு முறையும் ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முன்னேற்றத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். திட்டமிடல் என்ற பெயரில் இந்த ஆண்டு இவ்வளவு செய்தால் போதும்.

அடுத்து கணக்கு. 27,000 வெள்ளியை 45 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 600, அதாவது மாதம் 50 வெள்ளி. இதை நீங்கள் யாரிடமும் சொன்னதாகக் கடிதத்தில் இல்லை, உங்கள் கையில் இருப்பதிலேயே வலுவான செய்தி இதுதான்! "சங்கத்துக்கு ஏதாவது பார்த்துச் செய்யுங்க" என்று கேட்பதும், "மாசம் 50 வெள்ளி கொடுத்தா ஒரு பிள்ளை வருஷம் முழுக்கப் படிக்கும்" என்று கேட்பதும் ஒன்றா? மாதம் 50 வெள்ளி கொடுக்க 18 பேர் கிடைத்தால் 10,800 வெள்ளி, தலைவர் போட்ட தொகை அதிலேயே அடைபட்டுவிடும். செயலவையில் ஆளுக்கு இரண்டு பேரைச் சேர்த்தால் 22 பேர். வங்கிக் கணக்கிலிருந்து மாதா மாதம் தானாகவே பணம் போகும் ஜைரோ ஏற்பாட்டைச் செய்யச் சொல்லுங்கள். ஒவ்வொரு மாதமும் கைப்பேசி வழியே பேநவ்வில் பணம் அனுப்ப நினைவூட்டிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் அலுக்கும், அவர்களுக்கும் அலுக்கும்.

விருந்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. வந்த ஒவ்வொரு 100 வெள்ளியிலும் 56 வெள்ளிக்கு மேல் சாப்பாட்டுக்கும் மேடைக்கும் போயிருக்கிறது. பின்னால் ஐபிசி தகுதி, அதாவது நன்கொடையாளருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பொதுநல அமைப்புத் தகுதி, வாங்கும் எண்ணம் இருந்தால் இது நேராக இடிக்கும், ஏனென்றால் ஐபிசி நிறுவனங்கள் ஓர் ஆண்டில் நிதி திரட்டச் செய்யும் செலவு, திரட்டிய தொகையில் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. உடனே விருந்தை ரத்து செய்யச் சொல்லவில்லை, அந்த 16,500 வெள்ளி உங்களுக்குத் தேவை. ஆனால் ஹோட்டலை விட்டுச் சமூக மன்ற மண்டபத்துக்கு வாருங்கள், ஆட்டம் பாட்டத்தைக் குறையுங்கள், மேசை வாங்கியவரை அன்றைக்கே மாதாந்தர நன்கொடையாளராகக் கேளுங்கள். வசூலுக்காகத் தெருவில் நிற்பதற்கும் வீடு வீடாகப் போவதற்கும் உரிமம் வேண்டும் என்பதையும் ஆர்வமுள்ள இளையர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஐபிசி பற்றிச் சொன்னேன் அல்லவா, அதன் பலன் பெரியது. ஐபிசி நிறுவனத்துக்குக் கொடுக்கும் தகுதியுள்ள நன்கொடையைப் போல இரண்டரை மடங்கு தொகைக்கு வரிக்கழிவு கிடைக்கிறது. வரிக்குரிய வருமானம் 100,000 வெள்ளி உள்ள ஒருவர் 600 வெள்ளி கொடுத்தால் 1,500 வெள்ளி கழிக்கப்படும். அவருடைய வருமானத்தின் மேல் பகுதிக்கு வரி 11.5 விழுக்காடு என்பதால் 172 வெள்ளி 50 காசு வரி மிச்சம். ஆனால் முதலில் அறநிறுவனமாகப் பதிவு செய்ய வேண்டும். அதன் பிறகும் இரண்டு நிபந்தனைகளை நன்றாக யோசிக்க வேண்டும். செயலவையில் பாதிப் பேராவது சிங்கப்பூர்க் குடிமக்களாகவும் சுயேச்சையானவர்களாகவும் இருக்க வேண்டும், அண்ணன் தம்பி, மைத்துனர் என்று நிரம்பிய செயலவைக்கு இது சிரமம். மற்றொன்று, பணி சமூகம் முழுவதற்கும் பயன்பட வேண்டும், பொதுவாக ஓர் இனத்துக்கோ சமயத்துக்கோ மட்டும் என்று இருக்கக்கூடாது. அதே புளோக்கில் வசதி குறைந்த மலாய்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் இருப்பார்கள். ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தமிழ் வகுப்பு தனியாக இருக்கட்டும். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது நல்ல காரியம் என்பது என் எண்ணம். அதைச் செயலவை ஏற்குமா என்பதை முதலில் பேசித் தீர்த்துவிட்டு விண்ணப்பம் பக்கம் போங்கள்.

இனி, செயலவையில் வேலை செய்யாத அந்த எட்டுப் பேர். அவர்களைச் சோம்பேறிகள் என்று முடிவு கட்டாதீர்கள். இத்தனை ஆண்டுகளில் அவர்களிடம் நீங்கள் கேட்டது என்ன? மேசை விற்கக் கேட்டிருப்பீர்கள், கையெழுத்துக் கேட்டிருப்பீர்கள். பெரும்பாலான சங்கக் கூட்டம் எப்படி நடக்கிறது என்று நமக்குத் தெரியும்: போன கூட்டக் குறிப்பு, வரவு செலவு, விருந்து ஏற்பாடு, இதர விஷயங்கள். இரவு ஒன்பதரைக்கு "இதர" வரும்போது பாதிப் பேர் கைப்பேசியில் பேருந்து நேரம் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அறிக்கையை ஒரு வாரம் முன்பே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை ஒரே ஒரு கேள்விக்குக் கொடுங்கள். உதாரணமாக, தொடர்ந்து மூன்று வாரம் வராத பிள்ளையை என்ன செய்வது? அன்றைக்கு ஆசிரியர் ஒருவரைக் கூப்பிடுங்கள், வருகைப் பதிவேட்டை மேசையில் வையுங்கள். அந்த வீட்டுக்கு யார் போன் செய்வது, யார் நேரில் போய்ப் பார்ப்பது என்று பேச ஆரம்பித்தால் எல்லாருக்கும் வாய் திறக்கும். அதற்கு முன், ஒவ்வோர் உறுப்பினரும் ஒரு சனிக்கிழமையாவது வகுப்பில் வந்து உட்கார வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

அப்புறம், அந்த எட்டுப் பேரிடமும் தனித்தனியாகத் தேநீர் குடித்தபடி பேசுங்கள். பணம் கேட்க எல்லாருக்கும் வராது, கூச்சம் இருக்கும். கேட்க வராதவர் நன்கொடையாளருக்கு நன்றி சொல்லிப் போன் செய்யட்டும். வங்கியில் வேலை செய்பவர் கணக்கைச் சரிபார்க்கட்டும், இன்னொருவர் தம் முதலாளியிடம் உங்களை அறிமுகப்படுத்தி வைக்கட்டும், கேட்பதை நீங்கள் கேட்டுக்கொள்ளலாம். "எனக்கு இனிமேல் முடியாதுங்க" என்று யாராவது சொன்னால், அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பொன்னாடை போர்த்தி மரியாதையாக அனுப்பி வையுங்கள்.

பொருளாளர் விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். அறநிறுவனங்களுக்கான நிர்வாக நெறிமுறை, பொருளாளர் தொடர்ந்து 4 ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பொறுப்பில் இருக்கக்கூடாது என்கிறது. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் தவறாகச் செலவானது வெளியே வந்தபோது மக்கள் எவ்வளவு கொதித்தார்கள் என்பது அந்தக் காலத்தில் இங்கே இருந்த எல்லாருக்கும் நினைவிருக்கும். 2007இல் அந்த நெறிமுறை வந்தது. உங்கள் பொருளாளர் மேல் சந்தேகம் இருக்கிறது என்று பொருளில்லை. தலைவரே போய், "நெறிமுறை இப்படி, புது ஆளுக்கு ஆறு மாதம் கற்றுக் கொடுங்கள்" என்று பேசினால் வருத்தம் வராது. தலைவர் போட்ட 10,500 வெள்ளி கடனா நன்கொடையா என்பதையும் கூட்டக் குறிப்பில் எழுதிவிடுங்கள். இன்றைக்கு அவர் மனம் பெரியது, நாளைக்கு அவர் இல்லாதபோது அது ஒரு வழக்காகக் கூடாது.

இன்னொன்று, பணம் கேட்கும் சுவரொட்டியில் பிள்ளைகள் முகத்தைப் போடாதீர்கள். அந்தப் பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்குப் போக வேண்டும்.

பதவியை விடுவதா? இப்போது வேண்டாம், பாதியில் விட்டால் உங்களோடு வேலை செய்யும் மற்ற இரண்டு பேர் மேல்தான் சுமை விழும். அடுத்த பொதுக்கூட்டம் வரை இருப்பேன் என்று எழுத்தில் கொடுங்கள், இன்றைக்கே ஒரு துணைச் செயலாளரைக் கேளுங்கள். முன்பு உங்கள் வகுப்பில் படித்து இப்போது பாலிடெக்னிக்கில் இருக்கும் யாராவது நிச்சயம் இருப்பார்கள், அவர்களிடமிருந்து தொடங்குங்கள். கூட்டக் குறிப்பும் வாட்ஸ்அப் அறிவிப்பும் அவர் கைக்குப் போகட்டும். பொதுக்கூட்டம் வரும்போதும் இதே அலுப்பு இருந்தால், யார் என்ன சொன்னாலும் கேட்காமல் விலகிவிடுங்கள்.