சென்னை அனுபவம் கணக்குல வராதா அக்கா? – வாசகர் கடிதம்

அன்புள்ள அக்கா,

நான் நெல்லைப் பக்கம். சென்னைல ஒரு தனியார் ஆஸ்பத்திரி என்ஐசியூல, அதாவது பிறந்த குழந்தைங்க ஐசியூல, நர்ஸா ஆறு வருஷம் இருந்தேன், இப்ப ஹூஸ்டன்ல லெவல் 3 யூனிட், ரெண்டு வருஷம் முடியப்போகுது. மேனேஜர் ஆர்என்சி-நிக், அதான் பிறந்த குழந்தை ஐசியூ நர்ஸுங்களுக்கான சர்டிஃபிகேட் பரீட்சை, அத எழுதுன்னு சொல்றாங்க, கூட வேலை பாக்குற பொண்ணு சீரியஸ் கேஸ் பாக்குற நர்ஸுங்களுக்கான சிசிஆர்என் தான் வெயிட்டுங்கறா. எதை எழுதறது? சென்னை வருஷங்கள் கணக்குல வருமா? கொஸ்டின் பேங்க் போட்டுப் போட்டுப் பாக்குறேன், 60 பர்சன்ட்டத் தாண்ட மாட்டேங்குது. ஹார்ட் டிஃபெக்டும் மருந்தும் வந்தாலே பயம். நைட் டியூட்டி, வீட்ல ரெண்டு சின்னப் பசங்க. பேர் மட்டும் போட்டுடாதீங்க.

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதல்ல கசப்பான விஷயத்த சொல்லி முடிச்சிடறேன். ஆர்என்சி-நிக் நடத்தற என்சிசிங்கற அமைப்பு கேக்கறது அமெரிக்காவுலயோ கனடாவுலயோ ஆர்என்-ஆ, அதாவது லைசென்ஸ் வாங்கின நர்ஸா, இந்தப் பிரிவுல வேலை பாத்த 24 மாசம், அதுக்குள்ள குறைஞ்சது 2000 மணி நேரம், ரெண்டும் சேர்ந்து இருக்கணும். அதனால சென்னை ஆறு வருஷம் அப்ளிகேஷன்ல ஏறாது. உங்களுக்கு ரெண்டு வருஷம் நிறையப்போகுதுன்னு சொல்றீங்க, அப்ப பிரச்சனையே இல்ல, தேதி முடிஞ்சதும் போடுங்க. சிசிஆர்என்னுக்குக் கணக்கு வேற, கடைசி ரெண்டு வருஷத்துல 1750 மணி நேரம், அதுல பாதி, அதாவது 875, கடைசி ஒரு வருஷத்துல இருக்கணும். எது வெயிட்டுங்கற சண்டைக்கு நான் வரல. வெண்டிலேட்டர், இதயம் நுரையீரல் வேலையச் செய்யற எக்மோ மெஷின்னு ரொம்ப சீரியஸான குழந்தைங்களையே பாக்குறவங்களுக்கு சிசிஆர்என் பொருந்தும். உங்கள மாதிரி ஒரு நாள் வெண்டிலேட்டர் குழந்தை, மறுநாள் பால் குடிக்கப் பழகற குழந்தை, அடுத்த நாள் டிஸ்சார்ஜ்னு கலந்து பாக்குறவங்களுக்கு ஆர்என்சி-நிக் தான் சரி, மேனேஜர் சொல்றத கேளுங்க.

இப்ப அந்த 60 பர்சன்ட் விஷயத்துக்கு வரேன், உங்க கடிதத்துல உண்மையான கேள்வி அதுதான். உங்களுக்குத் தெரியாம இல்ல, கைக்குத் தெரியுது, ஏன்னு வாய்க்கு வரல, அவ்ளோதான். எட்டு வருஷம் செஞ்ச வேலைங்கறதால கை முந்திக்குது. பரீட்சைல அந்த ஏன் தான் கேள்வியே. கொஸ்டின் பேங்க்க திரும்பத் திரும்பப் போட்டா பதில் மனப்பாடமாகும், ஆனா அதே விஷயத்த வேற மாதிரி கேட்டா மறுபடி முழிப்பீங்க.

ஹார்ட்டையும் மருந்தையும் தனித்தனி பூதமா பாக்குறீங்க பாருங்க, அது ஒண்ணுதான். டக்டஸ்ங்கறது நுரையீரலுக்குப் போற குழாயையும் உடம்புக்குப் போற பெரிய குழாயையும் இணைக்கற, பிறந்தப்புறம் மூடிக்க வேண்டிய சின்னக் குழாய். அது திறந்திருக்கறதுக்குக் காரணம் உடம்புல சுரக்கற ப்ராஸ்டாகிளாண்டின்ங்கற பொருள், இத மட்டும் புடிச்சுக்கோங்க. இடது பக்க இதயம் வளராத குழந்தைக்கு உடம்புக்கு ரத்தம் போற வழியே அந்த டக்டஸ்தான், அத திறந்து வைக்கத்தான் ப்ராஸ்டாகிளாண்டின் டிரிப் ஓடுது, அந்த மருந்து குழந்தையோட மூச்ச நிறுத்திடலாம், அதனாலதான் ஏர்வே சாமான எல்லாம் பக்கத்துலயே வச்சிருக்கோம். இதுக்கு நேர் எதிர் குறைமாசக் குழந்தை, அதுக்கு டக்டஸ் மூடாம தொல்லை பண்ணுது, ஐபுப்ரோஃபெனோ இண்டோமெத்தசினோ குடுக்கறோம், அது ப்ராஸ்டாகிளாண்டின் உற்பத்தியத் தடுக்குது. ஆனா கிட்னிக்கு ரத்தம் போறதுக்கும் அதே ப்ராஸ்டாகிளாண்டின் தேவை, அதனால யூரின் குறையும், அதனாலதான் டோஸுக்கு முன்னாடி யூரின் அவுட்புட்டும், கிட்னி எப்படி இருக்குன்னு காட்டற க்ரியாட்டினினும் பாக்குறோம். ஒரே சங்கிலி.

இன்னொண்ணு ஆக்ஸிஜன். ஆக்ஸிஜன் நுரையீரல் ரத்தக்குழாயத் தளர்த்தும். பிபிஎச்என், அதாவது பிறந்தும் நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் குறையாத குழந்தைக்கு இது நல்லது, குழாய் இறுகிப் போனதுதானே அங்க வியாதி. ஆனா அந்த இடது பக்கம் வளராத குழந்தைக்கு சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்ஸிஜன் அளவு) 78 காட்டுதுன்னு ஆக்ஸிஜன ஏத்தினா, ரத்தம் பூரா நுரையீரல் பக்கம் ஓடிடும், உடம்புக்கு ரத்தம் குறைஞ்சு, ஆக்ஸிஜன் பத்தலன்னு காட்டற லாக்டேட் ஏறும். அங்க 75லருந்து 85 தான் நமக்கு வேண்டிய நம்பர். கேள்வில மூணே ஆப்ஷன் இருக்கும், அதுல ஆக்ஸிஜன ஏத்துங்கறது ஒண்ணு இருக்கும், நம்ம கை தன்னால அதுக்குப் போகும். அந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க. நுரையீரல் விரியறதுக்குப் போடற சர்ஃபாக்டன்ட் மருந்து போட்ட கொஞ்ச நேரத்துல டக்டஸ் வழியா நுரையீரலுக்கு ரத்தம் கொட்டி, டியூப்ல ரத்தம் வருதே, அதுக்கும் இதே காரணம்தான், நுரையீரல்ல எதிர்ப்பு திடீர்னு இறங்கிடுது.

குறைமாசக் குழந்தை மூச்சு விட மறக்காம இருக்கக் குடுக்கற காஃபினும் அப்படித்தான். பெரியவங்க குடிச்ச காபில பாதி நாலஞ்சு மணி நேரத்துல உடம்ப விட்டுப் போயிடும், குறைமாசக் குழந்தைக்கு அதே பாதிக்கு மூணு நாலு நாள் ஆகும். இது தெரிஞ்சா காஃபின நிறுத்தின அன்னைக்கே ஏன் வீட்டுக்கு அனுப்பறதில்லங்கறதையும், ஒரு டோஸ் லேட்டானா ஏன் யாரும் பதறறதில்லங்கறதையும் தனியா படிக்கவே வேண்டாம்.

கணக்கு ஒண்ணே ஒண்ணு கைல இருக்கட்டும், ஜிஐஆர், அதாவது ஒரு கிலோ எடைக்கு நிமிஷத்துக்கு எத்தன மில்லிகிராம் குளுக்கோஸ் போகுதுங்கற கணக்கு. டெக்ஸ்ட்ரோஸ் சதவீதத்த மணிக்கு ஓடற மில்லியால பெருக்கி, எடைய ஆறால பெருக்கி அதால வகுங்க. ஒன்றரை கிலோ குழந்தைக்கு டி10 (10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ்) மணிக்கு 5 மில்லி ஓடுதுன்னா 50ஐ 9ஆல வகுத்து சுமார் 5.6. இதுக்கு மேல பயப்பட ஒண்ணுமில்ல.

நம்ம ஊர்ல பழகினவங்க சறுக்கற இடம் ரெண்டு. ஒண்ணு பழைய பழக்கம். மெக்கோனியம், அதான் குழந்தையோட முதல் மலம், கலந்த பனிக்குடத் தண்ணில பிறந்து சோர்ந்து கிடக்கற குழந்தைக்கு உடனே டியூப் போட்டு உறிஞ்சறது ஒரு காலத்துல எல்லா ஊர்லயும் சட்டம், 2015 கைடுலைன்ல அத வழக்கமா செய்ய வேண்டாம்னு மாத்திட்டாங்க, முதல்ல மூச்சக் குடு. எங்க யூனிட்ல இப்படித்தான்னு நெனச்சுப் போடற பதில்ல மார்க் போகும், அது சென்னை யூனிட்டானாலும் சரி, ஹூஸ்டன் யூனிட்டானாலும் சரி.

ரெண்டாவது பெத்தவங்க. நம்ம ஊர்ல அம்மா கதவுக்கு வெளிய நிக்கும், நாம கண்ணாடி வழியா காட்டுவோம், கேட்டா "ஒண்ணும் ஆகாதும்மா, சாமிய வேண்டிக்கோ"ம்போம். பாசமாத்தான் சொல்றோம், ஆனா பரீட்சைல ஒண்ணும் ஆகாதுங்கற ஆப்ஷன் எப்பவுமே தப்பு. அந்த அம்மா என்ன புரிஞ்சு வச்சிருக்குன்னு கேக்கறது, அது பயத்த வாய்விட்டு சொல்ல விடறது, குழந்தையத் தொட வைக்கறது, இந்த ஜாதி பதிலத் தேடுங்க. எனக்கே இது பரீட்சைக்குன்னு படிச்சதுல ரொம்பப் புடிச்ச பகுதி, நம்ம ஊருக்கும் போகவேண்டியது இதுதான்னு தோணும்.

நைட் டியூட்டி முடிச்சுட்டு வந்து படிக்காதீங்க, தூங்குங்க. டியூட்டிலயே படிங்க, புத்தகத்த இல்ல, உங்க கைல இருக்கற குழந்தைய. அன்னைக்கு ஓடற மருந்து, வென்டிலேட்டர் செட்டிங், கடைசி பிளட் கேஸ், இது ஏன் இப்படின்னு மூணு மணி பிரேக்ல உங்களையே கேளுங்க, பதில் வரலைன்னா அத மட்டும் லீவு நாள்ல புத்தகத்துல பாருங்க. மஞ்சள் காமாலைக்குக் குழந்தைய லைட்ல வைக்கறோமே, அது கூட இப்படிக் குழந்தையப் பாத்தே ஒரு சிஸ்டர் கண்டுபிடிச்சதுதான், 1956ல இங்கிலாந்துல ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரில சிஸ்டர் வார்டுனு ஒருத்தங்க, வெயில்ல கொண்டு போன குழந்தைக்குத் துணி மறைச்ச இடத்துல மட்டும் மஞ்சள் அப்படியே இருக்கேன்னு டாக்டர்ட்ட காட்டினாங்க, ரெண்டு வருஷத்துல அது லான்செட்ல வந்துடுச்சு.

ஆர்என்சி-நிக்ல மொத்தம் 175 கேள்வி, மூணு மணி நேரம், அதுல 25 கேள்விக்கு மார்க்கே கிடையாது, அடுத்த பரீட்சைக்கு சோதிச்சுப் பாக்கறாங்க. எதுன்னு சொல்ல மாட்டாங்க, அதனால விசித்திரமா ஒண்ணு வந்தா அதுலயே உக்காந்துடாம ஏதாவது ஒண்ணப் போட்டுட்டு நகருங்க, தப்புக்கு மார்க் குறைக்கறதில்ல. அப்ளிகேஷன் ஏத்துக்கிட்டப்புறம் எழுத 90 நாள் தருவாங்க, பசங்க ஸ்கூல் லீவு இல்லாத மாசமா பாத்துப் போடுங்க.

அப்புறம் நம்மாளுங்க பேர்ப் பிரச்சனை. லைசென்ஸ்ல ஒரு மாதிரி, பாஸ்போர்ட்ல அப்பா பேரு கடைசில, டிரைவிங் லைசென்ஸ்ல வீட்டுக்காரர் பேருன்னு இருக்கும். சென்டர்ல காட்டப்போற ஐடில எப்படி இருக்கோ அதே எழுத்துல அப்ளிகேஷன் போடுங்க, மாறியிருந்தா பணம் கட்றதுக்கு முன்னாடியே என்சிசிக்கு எழுதிக் கேட்டுடுங்க.