சிலாவோஸில் குடியேறலாமா? வீட்டைப் பார்க்கும் முன் சாலையைப் பாருங்கள்

கேள்வி: ரீயூனியன் தீவின் சேன் பியேரில் இருக்கிறோம். கணவருக்கு இங்கேயே கடையில் வேலை, வாரம் ஐந்து நாள். நான் வீட்டிலிருந்தே கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மகனுக்கு 14 வயது. இன்சுலின் போட்டுக்கொள்ளும் 71 வயது மாமியாரும் கூட இருக்கிறார். வெக்கை தாங்காமல் மலைக்கே போய்விடலாம் என்று சிலாவோஸில் ஒரு வீடு பார்த்திருக்கிறோம். விற்பவர் அவசரப்படுத்துகிறார். வாங்கலாமா?

பதில்: இப்போது வாங்க வேண்டாம். ஓர் ஆண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வீட்டில் குறை இருப்பதாகச் சொல்லவில்லை. முடிவு சாலையில்தான் இருக்கிறது.

கீழே இருக்கும் சேன் லூயியிலிருந்து சிலாவோஸுக்கு 37 கிலோமீட்டர். அதற்குள் நானூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். கார் போக வேறு வழி கிடையாது. உங்கள் கணவர் சேன் பியேர் கடைக்கு வர ஒரு வழிக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் ஸ்டீரிங்கிலேயே கழியும். ஒரு தாளை எடுத்து, வீட்டில் ஒவ்வொருவரும் வாரத்தில் எத்தனை முறை கீழே இறங்கியாக வேண்டும் என்று எழுதுங்கள். ஒருவருக்கு இரண்டு முறைக்குள் அடங்கினால் சமாளிக்கலாம். ஐந்து முறை என்றால் ஆறே மாதத்தில் அவர் கீழே ஓர் அறை எடுத்துவிடுவார், இரண்டு வீட்டு வாடகை கட்டுவீர்கள். கடையில் வேலை நாட்களைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்பதை வீட்டு விலை பேசும் முன்பே பேசி முடியுங்கள்.

வண்டியும் இந்தக் கணக்கில் சேரும். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தபடியே வந்தால் பேட் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறின கியரிலேயே, பெரும்பாலும் இரண்டாவதில், இறங்க வேண்டும். குறுகலான சுரங்கங்களில் ஒரு வண்டிதான் நுழைய முடியும். எதிரே விளக்கு தெரிகிறதா என்று நின்று பார்த்துப் போங்கள். பெரிய மழை விட்ட மறுநாள் காலையிலும் மலையிலிருந்து கல் விழும். வெயில் அடிக்கிறதே என்று கிளம்பிவிடக் கூடாது.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தாலே பள்ளிகள் மூடிவிடும். சிவப்பு வந்தால் யாரும் வெளியே வரக்கூடாது. 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரியில் காரான்ஸ் என அடுத்தடுத்த ஆண்டுகளில் இரண்டு புயல் தீவைத் தாக்கின. மேலே புயல் ஓய்ந்த பிறகும் தொல்லை தொடரும். மண்சரிவை அள்ளி முடிக்கும் வரை ஊர் துண்டிக்கப்பட்டிருக்கும், குழாயில் தண்ணீர் கலங்கலாக வரும், மின்சாரம் வராது. ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, நிரம்பிய கேஸ் சிலிண்டர், குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 2 லிட்டர் தண்ணீர் என்று நவம்பருக்குள் சேர்த்து வைக்க வேண்டும்.

மாமியாரைப் பற்றி: 1,200 மீட்டர் உயரத்தால் மட்டும் அவருக்கு ஆபத்து வராது, மலைநோய் வரும் உயரம் அல்ல இது. மருந்தும் தூரமும்தான் கவலை. புயல் காலம் முழுவதும் கையில் ஒரு மாத மருந்து இருக்கட்டும். திறக்காத இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும், உறையக் கூடாது. பயன்பாட்டில் உள்ள பேனா பெரும்பாலான வகைகளில் 30 டிகிரிக்குக் கீழ் நான்கு வாரம் வரை தாங்கும், உங்கள் வகைக்கு எவ்வளவு என்பதை உறையில் படித்துவிடுங்கள். வாராவாரம் மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை, உதாரணமாக டயாலிசிஸ், அவருக்கு வரக்கூடும் என்று டாக்டர் சொன்னால் இந்த யோசனையையே விட்டுவிடுங்கள்.

மகன் கொலேஜை, அதாவது நடுநிலைப் பள்ளியை, அங்கேயே முடிக்கலாம். அதற்கடுத்த மேல்நிலைப் பள்ளியான லீசேக்குக் கீழேதான் வர வேண்டும். வார நாட்களில் விடுதி என்பதற்குப் பையன் மனதார ஒத்துக்கொள்கிறானா என்று அவனிடமே கேளுங்கள்.

வீட்டைப் பார்க்க ஜூலையில் போங்கள், காலை எட்டு மணிக்கு ஒருமுறை, மாலை நான்கு மணிக்கு ஒருமுறை. சுற்றிலும் மலைச் சுவர் என்பதால் வெயில் தாமதமாக வந்து சீக்கிரம் போய்விடும். சில வீடுகளுக்குக் குளிர்காலத்தில் வெயிலே அரிது. இங்கே நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கிறோம், குளிர்காலச் சூரியன் வடக்கு வானில் போகும். அதனால் வடக்கு பார்த்த ஜன்னல்தான் வீட்டைச் சூடாக்கும். தெற்குச் சுவரோரம் இருக்கும் அலமாரியை ஒரு சாண் நகர்த்திப் பின்னால் கை வைத்துப் பாருங்கள். ஜில்லென்ற ஈரம், கரும்புள்ளி, பழைய துணி வாசம் இருந்தால் பூஞ்சணம் பிடித்த வீடு, புதுப் பெயின்ட் அதை மூன்று மாதம்தான் மறைக்கும். தகரக் கூரை என்றால் ஆணியா, வாஷரோடு திருகிய ஸ்க்ரூவா என்று பாருங்கள். ஆணியைப் புயல் காற்று பிடுங்கிவிடும். தகரத்துக்கு அடியில் வெப்பக்காப்பு இல்லையென்றால் குளிர்கால இரவில் உள்பக்கமே வியர்த்துச் சொட்டும்.

சமையலும் கொஞ்சம் மாறும். தண்ணீர் அங்கே 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு வேக நேரமாகும். கடற்கரையைவிட ஏழெட்டு டிகிரி குறைவு என்பதால் எட்டு மணி நேரத்தில் பொங்கும் இட்லி மாவு ஜூலையில் மறுநாள் மதியம் வரை அசையாமல் கிடக்கும். அணைத்த ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை வையுங்கள், காலையில் எழும்பியிருக்கும். தீவின் கிரியோல் மொழிக்காரர்கள் நம் சொல்லையே வாங்கி 'கலுபிலே' என்று அழைக்கும் கறிவேப்பிலைச் செடியையும் முருங்கையையும் நம்பிக் கொண்டு போக வேண்டாம், இரண்டுக்கும் குளிர் ஆகாது. சௌசௌ வேண்டுமட்டும் கிடைக்கும். தைப்பூசக் காவடி புயல் காலத்தின் நடுவில் வருகிறது. சேன் பியேர், சேன் லூயி கோயில்களில் பத்து நாள் விரதமிருந்து காவடி எடுப்பவர்கள் வீட்டில் இருந்தால் அந்த நாட்களுக்குக் கீழே ஓர் உறவினர் வீட்டை முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

வாடகைக்கு எடுக்கும்போது தளவாடங்களோடு கூடிய வீடாக, ஆகஸ்டில் பள்ளி தொடங்கும் நேரத்தில் எடுங்கள். குளிரின் கடைசியும் புயல் காலம் முழுவதும் அந்த ஒப்பந்தத்துக்குள் வந்துவிடும். இந்த வகை வீட்டைக் காலி செய்ய ஒரு மாத நோட்டீஸ் போதும், வெறும் வீடு என்றால் மூன்று மாதம் கேட்பார்கள். முன்பணம் தளவாட வீட்டுக்கு அதிகபட்சம் இரண்டு மாத வாடகை.

அதன் பிறகும் வாங்க நினைத்தால், முதல் முறை வீட்டைக் காட்டும்போதே இடர் நிலை அறிக்கையை விற்பவர் தர வேண்டும். அதோடு நிற்காமல் மெரி (நகராட்சி) அலுவலகத்தில் 'பே பே எர்' (PPR) எனும் இயற்கை இடர் வரைபடத்தைக் கேட்டு, மனை எந்த நிறத்தில் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள். சிவப்பில் இருந்தால் ஓர் அறைகூடக் கூட்டிக் கட்ட முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரையான் சான்றிதழும் கேளுங்கள், தீவு முழுவதற்கும் அது கட்டாயம். நோத்தேர் (சொத்துப் பத்திரம் எழுதும் சட்ட அதிகாரி) முன் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட பிறகும் காரணம் சொல்லாமல் பின்வாங்க 10 நாள் உண்டு. விற்பவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் அந்த 10 நாளை அவரால் குறைக்க முடியாது.