தாழ்ந்து பாய்பவரைத் தேடுங்கள்: டிஃபன்சிவ் லைன்மேன்கள் பற்றிய கேள்வி பதில்

ஏப்ரல் கடைசியில் என்.எஃப்.எல். டிராஃப்ட் வருகிறது. அமெரிக்கக் கால்பந்தின் 32 தொழில்முறை அணிகளும் கல்லூரி வீரர்களை முறைவைத்து, 7 சுற்றுகளில் பொறுக்கியெடுக்கும் நாட்கள் அவை. நான் பிட்ஸ்பர்க்கில் வசிக்கிறேன். பல வருடங்களாக இந்த ஆட்டத்தில் விடாமல் பார்த்துவருவது ஓர் இடத்தைத்தான்: பந்தை வைக்கும் கோட்டில் எதிரும் புதிருமாகக் குனிந்து நிற்கும் பெரிய உடல்காரர்களை. அவர்களில் தற்காப்புப் பக்கம் நிற்பவர்கள் டிஃபன்சிவ் லைன்மேன்கள். இந்த முறை அவர்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி (மதுரை வாசகர்): ஐயா, நான் இந்த ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கி இரண்டு வருடம்தான் ஆகிறது. ஒரு கல்லூரி லைன்மேன் தேறுவாரா என்று கணிக்க முதலில் எதைக் கவனிக்க வேண்டும்?

பந்தைப் பார்க்காதீர்கள். தொடங்குபவர்களுக்கு இதுதான் கடினம். நம் கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். அதை அடக்கி, ஒரே ஒரு லைன்மேன்மீது பார்வையை வையுங்கள். தாக்குதல் வரிசையின் நடுவே நிற்கும் சென்டர் பந்தைப் பின்னால் கொடுக்கும் அந்தக் கணத்தில் அவருடைய முதல் அடி எப்போது எழுகிறது? பந்தோடு சேர்ந்து எழுகிறதா, அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கிளம்பிய பிறகு எழுகிறதா? பத்து ஆட்டத்தொடக்கங்களைப் பாருங்கள். பத்திலும் அவரே முதலில் கிளம்பினால் அவரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உயரம். பிறவி உயரத்தைச் சொல்லவில்லை, பாயும்போது அவர் உடல் இருக்கும் உயரத்தைச் சொல்கிறேன். இந்த மோதலில் யாருடைய தோள் கீழே இருக்கிறதோ அவர் மற்றவரைத் தூக்கித் தள்ளுகிறார். 320 பவுண்ட் எடையுள்ளவர் நிமிர்ந்துவிட்டால், 280 பவுண்ட் எடையுள்ளவர் முழங்காலை மடக்கிக் கீழிருந்து ஏறி அவரைப் பின்னால் நடக்க வைத்துவிடலாம். கல்லூரியில் எடையை மட்டும் நம்பி நிமிர்ந்தே ஆடிப் பழகியவர்கள் தொழில்முறைக்கு வந்ததும் திணறுவது இதனால்தான்.

மூன்றாவது, கைகள். எதிராளி தன் நெஞ்சைப் பிடிக்கும் முன்பே அவர் கைகளைத் தட்டிவிடத் தெரிகிறதா? தட்டிவிட்ட பிறகு அடுத்த அடிக்கு ஒரு திட்டம் இருக்கிறதா? முதல் முயற்சி தடுக்கப்பட்டதும் நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். இரண்டாவது முயற்சி தன்னால் வருகிறவர்கள் அரிது. வேகத்தையும் உடல்வாகையும் பயிற்சியாளரால் கொடுக்க முடியாது. கைவேலையைக் கொடுக்க முடியும். கைவேலை ஏற்கெனவே இருக்கும் 21 வயது வீரர் முதல் வருடமே களத்துக்குத் தயார்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): உயரம் குறைவு என்று சொல்லி நல்ல வீரர்களை அணிகள் ஒதுக்குவது நியாயமா? ஏரன் டொனால்டுக்கு அப்படித்தானே நடந்தது?

இந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். டொனால்ட் எங்கள் ஊர்க்காரர். பிட்ஸ்பர்க்கை ஒட்டிய பென் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் ஆடி, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 2013 பருவத்தில் எதிரணியைப் பந்து வைத்த கோட்டுக்குப் பின்னாலேயே வீழ்த்திய கணக்கில் மட்டும் அவருக்கு 28.5. அதில் 11 சாக்குகள், அதாவது பந்தை வீசும் வீரரான குவார்ட்டர்பேக்கை அவர் வீசுவதற்குள் சாய்த்தவை. அந்த வருடம் பெட்நாரிக், நகுர்ஸ்கி, அவுட்லேண்ட், லொம்பார்டி என நான்கு பெரிய விருதுகளும் அவருக்கே கிடைத்தன.

ஆனாலும் சந்தேகப்பட்டார்கள். அவர் உயரம் சுமார் 6 அடி 1 அங்குலம், எடை 285 பவுண்ட். வரிசையின் நடுவே நிற்கும் டிஃபன்சிவ் டேக்கிள் என்றால் 6 அடி 3 அங்குலம், 300 பவுண்டுக்கு மேல் என்று ஓர் அச்சு அணிகளின் மனத்தில் இருந்தது. அந்த அச்சுக்குள் அவர் பொருந்தவில்லை. 2014 ஜனவரியில் அலபாமாவின் மொபைல் நகரில் கடைசி வருடக் கல்லூரி வீரர்களுக்கான சீனியர் பவுல் ஆட்டத்தின் பயிற்சிகள் நடந்தன. நேருக்கு நேர் மோதும் பயிற்சியில், தன்னைவிட உயரமான, எடை கூடிய கார்டுகளை (சென்டருக்கு இருபுறமும் நிற்கும் தாக்குதல் வரிசை வீரர்களை) ஒருவர் பின் ஒருவராக அவர் தாண்டிப் போனார். பிறகு டிராஃப்டுக்கு முன் அணிகள் வீரர்களைச் சோதித்துப் பார்க்க இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைன் சோதனையில் 40 கெஜத்தை 4.68 வினாடியில் ஓடினார். 285 பவுண்ட் உடல் அந்த வேகத்தில் ஓடுவதை மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.

அத்தனைக்குப் பிறகும் அவர் 13-ஆவது ஆளாகத்தான் போனார். அவரை எடுத்தது அப்போது செயின்ட் லூயிஸில் இருந்த ராம்ஸ் அணி. அந்த அணியும் தன் முதல் வாய்ப்பில், 2-ஆவது இடத்தில், கிரெக் ராபின்சன் என்ற தாக்குதல் வரிசை வீரரைத்தான் எடுத்தது. ராபின்சனை 2017-இல் வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். டொனால்ட் 2017, 2018, 2020 ஆகிய மூன்று பருவங்களில் லீகின் சிறந்த தற்காப்பு வீரர் விருதை வென்றார். 2018-இல் மட்டும் 20.5 சாக்குகள். 2022 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், எதிரணியான சின்சினாட்டிக்கு கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சியில் ஒரே ஒரு கெஜம் தேவைப்பட்டபோது, அதன் குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோவைச் சுழற்றிப் பிடித்துப் பந்தை வீணாக்கியவரும் அவர்தான். 23-20 என்று ராம்ஸ் வென்றது. 2024 மார்ச்சில் 111 சாக்குகளோடு ஓய்வு பெற்றார்.

உயரக் குறைவு அவருக்குத் தடையாக இருந்ததா? இல்லை. பலமாக இருந்தது. மற்றவர்கள் குனிந்து வாங்க வேண்டிய தாழ்வு அவருக்கு இயல்பாகவே இருந்தது. கைவேலைக்காக, பயிற்சியாளர் போலிக் கத்தி பிடித்து நீட்டும் கைகளைத் தட்டிவிட்டுப் பழகியவர் அவர். அதே சாயலில் இன்னும் இருவரைச் சொல்லலாம். ஜீனோ அட்கின்ஸ் 2010-இல் நான்காவது சுற்று வரை காத்திருந்தார். கிரேடி ஜாரெட் 2015-இல் ஐந்தாவது சுற்று வரை காத்திருந்தார். இருவரும் தங்கள் அணிகளின் முதுகெலும்பாக ஆனார்கள்.

ஆனால் எச்சரிக்கையும் வேண்டும். குள்ளமான ஒவ்வொருவரையும் "இன்னொரு டொனால்ட்" என்று எழுதும் பழக்கம் இப்போது வந்திருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை. உயரமும் கைநீளமும் குறையும்போது முதல் அடியும் கைவேகமும் அந்த அளவுக்குக் கூடியிருக்க வேண்டும். கூடியிருக்கிறதா என்பதைக் காணொளியில்தான் தேட வேண்டும், ஒப்பீட்டில் அல்ல.

கேள்வி (சிங்கப்பூர் வாசகர்): கல்லூரியில் அதிக சாக் எடுத்தவரை எடுப்பதுதானே பாதுகாப்பு?

அப்படி நினைத்துத்தான் 2008-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணி ஒஹையோ ஸ்டேட் வீரர் வெர்னன் கோல்ஸ்டனை 6-ஆவது இடத்தில் எடுத்தது. முந்தைய பருவத்தில் அவருக்கு 14 சாக்குகள். உடலோ சிற்பம் போன்றது. தொழில்முறையில் அவர் எடுத்த சாக்குகள் பூஜ்யம். மறுபக்கம், எல்.எஸ்.யூ. (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) வீரர் டேனியல் ஹண்டருக்குக் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 1.5 சாக்குகள்தான். 2015-இல் மூன்றாவது சுற்றில், 88-ஆவது இடத்தில், மின்னசோட்டா அவரை எடுத்தது. 2018, 2019 இரண்டு பருவங்களிலும் தலா 14.5 சாக்குகள் எடுத்தார்.

எண் பொய் சொல்வதில்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. கோல்ஸ்டனின் அந்த 14-இல் யாருமே தடுக்காமல் நேராக ஓடிவந்தவை எத்தனை? குவார்ட்டர்பேக் பந்தை வீச ஆளில்லாமல் நெடுநேரம் நின்றதால் கிடைத்தவை எத்தனை? பலவீனமான அணிகளுக்கு எதிராக வந்தவை எத்தனை? ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் சில நேரம் நான்கைந்துதான் மிஞ்சும். சாக் ஆகாவிட்டாலும் குவார்ட்டர்பேக்கை இடம்விட்டு நகர வைத்த தடவைகளையும், இரண்டு பேர் சேர்ந்து தடுக்க வேண்டியிருந்த தடவைகளையும் எண்ணுங்கள். எனக்கு அந்த எண்ணிக்கை பெரிது.

பயிற்சியாளர் கொடுத்த வேலையும் முக்கியம். 2022-இல் முதல் ஆளாக ஜாக்சன்வில் அணிக்குப் போன ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் டிரேவன் வாக்கருக்குக் கல்லூரியின் கடைசிப் பருவத்தில் 6 சாக்குகள். இரண்டாவதாகப் போன மிச்சிகனின் ஏய்டன் ஹட்சின்சனுக்கு 14. ஜாக்சன்வில் அணி தவறு செய்துவிட்டது என்று அன்றே பலர் தீர்ப்பு எழுதினார்கள். வாக்கரை ஜார்ஜியா பல இடங்களில் நிறுத்தி, பந்தோடு ஓடுபவரைத் தடுக்கும் வேலையைப் பெரிதும் கொடுத்திருந்தது. 2023-இல் அவர் 10 சாக்குகள் எடுத்தார். ஹட்சின்சன் 11.5. என்னைக் கேட்டால் ஹட்சின்சனைத்தான் எடுத்திருப்பேன். அவருடைய கைவேலை அப்போதே முதிர்ந்திருந்தது. ஆனால் வாக்கரை எடுத்தவர்கள் கண்மூடித்தனமாக எடுக்கவில்லை.

கேள்வி (யாழ்ப்பாண வாசகர்): பந்து வீசப்படும் நேரத்தில் வெளியே உட்கார்ந்துவிடும் கனத்த உடல்காரருக்கு எதற்கு முதல் சுற்று?

நோஸ் டேக்கிள் என்ற அந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சென்டருக்கு நேர் எதிரே நிற்பவர். அவர் பெயர் புள்ளிவிவரத்தில் அதிகம் வராது. இரண்டு பேரை ஒருசேரத் தாங்கி நிற்பார், பின்னாலிருக்கும் லைன்பேக்கர் யாருடைய கையும் படாமல் ஓடிப்போய் ஓட்டக்காரரைப் பிடிப்பார். கைதட்டல் லைன்பேக்கருக்கு.

ஜார்ஜியாவின் ஜோர்டன் டேவிஸ் 6 அடி 6 அங்குலம், 341 பவுண்ட். 2022 கம்பைனில் 40 கெஜத்தை 4.78 வினாடியில் ஓடினார். 1980-க்குப் பிறகு முதல் முறையாக ஜார்ஜியா தேசியப் பட்டம் வென்ற பருவத்தில் நடுவில் நின்றவர் அவர். அந்த அணியின் தற்காப்பிலிருந்து ஐந்து பேர் அந்த டிராஃப்டின் முதல் சுற்றிலேயே போனார்கள். டேவிஸ் 13-ஆவது ஆளாக ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார்.

ஆனாலும் உங்கள் சந்தேகத்தில் நியாயம் உண்டு. லீக் இன்று பந்து வீச்சை நம்பி ஓடுகிறது. அறுபது ஆட்டத்தொடக்கங்களில் இருபத்தைந்துக்கு மட்டும் பயன்படுபவருக்கு முதல் சுற்று கொடுக்க நான் தயங்குவேன். குவார்ட்டர்பேக் நிற்கும் இடத்தைப் பின்னோக்கிச் சுருக்கவும் அவரால் முடிந்தால் தயக்கம் இல்லை.

கேள்வி (சென்னை மாணவர்): அண்ணா, கம்பைன் சோதனைகளில் எதை நம்பலாம்?

40 கெஜ ஓட்டத்தில் முதல் 10 கெஜம், தம்பி. லைன்மேன் 40 கெஜம் ஓட வேண்டிய தருணம் பருவத்தில் ஒன்றோ இரண்டோ. மூன்று கூம்புகளைச் சுற்றி ஓடும் சோதனை வரிசையின் ஓரத்தில் நிற்பவர்களுக்கு உதவும், ஏனென்றால் அவர்கள் வளைந்து போக வேண்டும். 225 பவுண்ட் எடையை எத்தனை தடவை தூக்குகிறார் என்பதை நான் பார்ப்பதே இல்லை. கைநீளம் குறைந்தவருக்கு அது எளிது, களத்திலோ நீளமான கை வேண்டும். கோல்ஸ்டன் அதை 37 தடவை தூக்கினார்.

கேள்வி (டொராண்டோ வாசகர்): காயமோ நோயோ உள்ளவரை அணிகள் எப்படி மதிப்பிடுகின்றன?

இண்டியானாபொலிஸில் ஓட்டத்தைவிடப் பெரிய சோதனை மருத்துவர்களின் அறைக்குள் நடக்கிறது. 2018-இல் மிச்சிகனின் மோரிஸ் ஹர்ஸ்டுக்கு இதயத்தில் ஏதோ இருப்பதாக அங்கே கண்டார்கள். முதல் சுற்று வீரராகப் பேசப்பட்டவர் ஐந்தாவது சுற்றுக்குச் சரிந்தார். பிறகு பல வருடங்கள் லீகில் ஆடினார். அவரை எடுக்காத அணிகளை நான் குறை சொல்லமாட்டேன். இதயம் என்றால் யாருக்கும் கை நடுங்கும்.

முழங்கால் வேறு கதை. மிசிசிப்பி ஸ்டேட்டின் ஜெஃப்ரி சிம்மன்ஸ் 2019 பிப்ரவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து படுத்தார். இரண்டே மாதத்தில் டென்னசி அவரை 19-ஆவது இடத்தில் எடுத்தது. காயம் இல்லையென்றால் அந்த இடம் வரை அவர் மிஞ்சியிருக்கவே மாட்டார் என்பது என் எண்ணம். பொறுமையுள்ள அணிக்கு அது பரிசு.

கேள்வி (ஹூஸ்டன் வாசகர்): சிறிய கல்லூரிகளிலிருந்து வருபவர்களுக்கு வாய்ப்பு உண்டா?

உங்கள் ஊரிலேயே சான்று இருக்கிறது. ஜே.ஜே. வாட் முதலில் சென்ட்ரல் மிச்சிகனில் பந்து பிடிக்கும் டைட் எண்டாக இருந்தவர். அதை விட்டு, உதவித்தொகை இல்லாமல் விஸ்கான்சினில் சேர்ந்து தற்காப்புக்கு மாறினார். இடையில் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையும் பார்த்தார். 2011-இல் ஹூஸ்டன் 11-ஆவது இடத்தில் எடுத்தது. மூன்று தடவை சிறந்த தற்காப்பு வீரர். ஈஸ்டர்ன் மிச்சிகனின் மேக்ஸ் கிராஸ்பி 2019-இல் 106-ஆவது ஆள். 1990-இல் ஜான் ரேண்டலை யாருமே எடுக்கவில்லை. அவர் மின்னசோட்டாவில் இடம் பிடித்து, 137.5 சாக்குகளோடு முடித்து, 2010-இல் புகழ் மண்டபத்துக்குள் நுழைந்தார்.

சிறிய கல்லூரி வீரரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பருவத்தில் ஒரு முறையாவது பெரிய பல்கலைக்கழகத்தோடு மோதியிருப்பீர்களே, அன்று என்ன செய்தீர்கள்? அந்த ஒரு காணொளியை முதலில் பார்ப்பேன்.

கேள்வி (திருச்சி வாசகர்): ஒரு வீரருக்கு ஒரு மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் எதைப் பார்ப்பீர்கள்?

நான்காவது கால் பகுதியை. அதிலும் அவர் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டமாகத் தேர்ந்தெடுப்பேன். பந்து அவருக்கு எதிர்ப்பக்கம் ஓடும்போது துரத்துகிறாரா, நடக்கிறாரா என்று பார்ப்பேன். முதல் கால் பகுதியில் பந்தோடு எழுந்த அந்த முதல் அடி இப்போதும் அதே நேரத்தில் எழுகிறதா என்று ஒப்பிடுவேன். களைப்பில் தோள் நிமிர்ந்துவிட்டால், அது உடற்பயிற்சிக் குறையா அல்லது பழக்கமே அப்படியா என்று முந்தைய வருடத்து ஆட்டம் ஒன்றை எடுத்துச் சரிபார்ப்பேன். டொனால்டின் 2013 ஆட்டம் எதையேனும் எடுத்து இதே முறையில் பாருங்கள்.